ஆண்கள் நான்கு, காயம் இல்லை

மே 2, வெள்ளி

நேற்று முன்தினம் ஓய்வு பெற்றேன். மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்ததற்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், நான்கு கினிப் பன்றிகள். கடைசியாகச் சொன்னது நானே கேட்டு வாங்கியது. கூடத்தையே மூடுகிறார்கள். பெண்களையும் குட்டிகளையும் வேறொரு கல்லூரி எடுத்துக்கொண்டது. ஆண்கள் நான்கையும் யாரும் கேட்கவில்லை. முதல்வர் அறையில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கல்லூரிப் பதிவேடு மாதிரியே இந்த நோட்டைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தேதி, எடை, உணவு, குறிப்பு. பழகிய கை சும்மா இருக்காது.

ருக்மணி நேற்று பெங்களூருக்கு ரயிலேறினாள். மகள் நித்யாவுக்கு இரண்டாவது பிரசவம். ஜூன் கடைசியில்தான் திரும்புவாள். அதுவரை வீட்டில் நானும் பூபதியும் மட்டும். பூபதி என் மகன், இருபத்தொன்பது வயது. எட்டு வருடமாகச் சென்னையில் வேலை. பொங்கலுக்கு இரண்டு நாள் வருவான், போவான். இப்போது கம்பெனியில் ஆள் குறைத்ததில் இவனும் போய்விட்டான். பத்து நாளாக இங்கே இருக்கிறான், அறைக்குள்ளேயே இருக்கிறான்.

"ஆம்பளைங்க மட்டும் இருக்கறீங்க. சண்டை கிண்டை போடாம இருங்க" என்று ருக்மணி ரயில் ஜன்னலில் சொன்னாள். கினிப் பன்றிகளைச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

மாட்டுக் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, நான்கையும் அங்கே விட்டிருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் நாலு எட்டு தூரம்தான். ஆனால் பின்கதவு கிடையாது. முன்வாசல் வழியாகப் போய் வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கதவு இருந்த இடத்தை எட்டு வருடத்துக்கு முன்பு செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். பாம்பு வந்தது.

ஆண்கள் நான்கு. காயம் இல்லை.

மே 3, சனி

எடை: ஒன்று 1040 கிராம், இரண்டு 890, மூன்று 960, நான்கு 850. அருகம்புல், கொத்தமல்லி, ஆளுக்குக் கால் நெல்லிக்காய். பூபதி பத்து மணிக்கு எழுந்தான். அவனை எடை போடவில்லை, போட்டால் குறைந்துதான் இருப்பான்.

ஆண்கள் நான்கு. காயம் இல்லை.

மே 5, திங்கள்

கினிப் பன்றி வளர்த்தவன் என்று இனி யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் வளர்த்தது கூண்டுகளைத்தான் போலிருக்கிறது.

கல்லூரியில் ஆணுக்குத் தனிக் கூண்டு. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். நான் அதையே எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களும் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். ஒருத்தரும் விட்டுப் பார்த்ததில்லை.

இன்று காலை ஒன்றாம் எண், கருப்பு நிறம், பெரிய உடம்பு, புல்லை விட்டுவிட்டு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு மெல்ல நடந்தது. மேசைமேல் வைத்த செல்போன் அதிர்கிற மாதிரி அதன் வயிற்றிலிருந்து 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம். மற்ற மூன்றும் மெல்லுவதை நிறுத்தின. மூன்றாம் எண் அரை அடி ஒதுங்கி வழி கொடுத்தது. அவ்வளவுதான். ஒன்றாம் எண் போய்த் தண்ணீர் குடித்தது, திரும்பி வந்தது, எல்லோரும் மறுபடியும் தின்ன ஆரம்பித்தார்கள். ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை. யார் முதலில் குடிப்பது, யார் எங்கே படுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இந்தச் சத்தத்தைக் கூண்டுக்குள்ளிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பசி என்று நினைத்திருந்தேன். சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பூபதி வந்து சுவரோரமாக நின்றான். கையில் போன்.

"ஏனுங்கப்பா, நாலு ஆணு ஒண்ணா இருக்கறது கஷ்டமாமுங்க. எடம் நெறையா வேணுமாம். தண்ணி, தட்டு, வூடு எல்லாமே ஒண்ணுக்கு ரெண்டா வெக்கோணுமாம்."

"போன்ல ஆயிரம் போடுவான். நான் இருவத்திரண்டு வருசமா பாக்கறேன்."

"செரிங்க" என்று போய்விட்டான். மேலே என்ன சொல்ல வந்தான் என்று கேட்டிருக்கலாம்.

போவதற்கு முன் நான்குக்கும் பெயர் வைத்துவிட்டான். ஒன்று கருப்பன். இரண்டு காப்பி. உடம்பெல்லாம் சுழிசுழியாக முடி இருக்கிற மூன்று, சுழியன். வெள்ளையாக இருக்கிற நான்கு, பால். பதிவேட்டில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆண்கள் நான்கு. காயம் இல்லை.

மே 6, செவ்வாய்

ருக்மணி போன் செய்தாள்.

"பையன் சாப்புட்டானுங்களா?"

"சாப்புட்டான்."

"அவங்கிட்ட என்ன பேசுனீங்க?"

"என்னத்தப் பேசறது? கொத்தமல்லித் தழை வாங்கியாரச் சொன்னேன்."

"அதுவே பெருசு. அவனப் போட்டு நோண்டாதீங்க. எங்க போறே, எப்ப வருவேன்னு வாசல்லயே ஒக்காந்துக்கிட்டுக் கேக்காதீங்க."

"என்ற வூட்டு வாசல்ல நான் ஒக்காரக் கூடாதா?"

நித்யாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று பேச்சை மாற்றினாள்.

மே 8, வியாழன்

நூற்று நான்கு டிகிரி. அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது. கினிப் பன்றிக்கு இந்த வெயில் ஆகாது, மயங்கி விழுந்துவிடும். கல்லூரியில் ஏசி ஓடும். இங்கே அதற்கு எங்கே போவது? குயவர் வீட்டுக்குப் போய் வாய் அகன்ற பெரிய பானைகள் நான்கு வாங்கி வந்தேன். கொட்டகையில் வரிசையாகப் படுக்க வைத்து, மேலே நனைத்த சாக்கு போட்டேன். கையை உள்ளே விட்டால் சில்லென்று இருந்தது. ஆளுக்கொரு பானையாகப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பானை வாயில் மூக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஏசிக்காரன் என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாலையில் பூபதி சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். நான் வழக்கம்போல முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கப்பா போறே?"

"சும்மாங்க."

"சும்மான்னா?"

"வாய்க்கால் வரைக்குமுங்க."

"வாய்க்கால்ல என்ன வேலை?"

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஆண்கள் நான்கு. காயம் இல்லை.

மே 9, வெள்ளி

கல்யாணத் தரகர் நாளைக் காலை வருகிறார். பூபதியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடியும் முன்பே எங்காவது கிளம்பிவிடுவான்.

மே 10, சனி

வலதுகை ஆட்காட்டி விரலில் கட்டு. எழுத்து கோணலாக இருக்கும்.

சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி, எங்கள் வீட்டில் இது தவறியதில்லை. தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர்களும் ஆண்கள்தானே, உடம்புச் சூடு தணியட்டுமே என்று தோன்றியது. மூத்தவனிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கருப்பனை எடுத்தேன். இரண்டு சொட்டு நல்லெண்ணெய், கொஞ்சம் சீயக்காய், வெதுவெதுப்பான தண்ணீர். துவட்டியதும் மாப்பிள்ளை மாதிரி பளபளத்தான். அடுத்தவனை எடுப்பதற்குள் வாசலில் தரகர் குரல் கேட்டது. கருப்பனைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு ஓடினேன்.

பூபதி அறையில் இருந்தான். நான் அறை வாசலில் நின்று, யார் வந்திருக்கிறார் என்று சொன்னேன்.

"நான் வெளிய போறனுங்க."

"அஞ்சு நிமிசம் வந்து ஒக்காரு. போட்டோவ மட்டும் பாரு."

"வழி விடுங்கப்பா."

"மொதல்ல பாரு. அப்புறம் எங்க வேணாலும் போ."

மூன்று தடவை வழி கேட்டான். மூன்று தடவையும் நான் போட்டோவைத்தான் நீட்டினேன். நான்காவது தடவை கத்தினான். பூபதி கத்தி நான் கேட்டதே இல்லை.

"எட்டு வருசமாச்சுங்கப்பா! இன்னமும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கறீங்க!"

கையிலிருந்த போன் என் தலைக்குப் பக்கத்துச் சுவரில் வந்து மோதியது. தரகர் பையை எடுத்துக்கொண்டார், இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டிக்கொண்டு போனார். அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து அலறல். இந்த விலங்கு அப்படி அலறும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். பூபதி என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

சுழியன் ஒரு பானைக்குள் இருந்தான். பானை வாயை அடைத்துக்கொண்டு கருப்பன் நின்றான், முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு. காப்பியும் பாலும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்காமல் நடுவில் கையை விட்டேன். உள்ளேயிருந்த சுழியன் என் விரலைப் பிடித்தான். பல் எலும்பு வரைக்கும் போயிற்று. பூபதி துண்டைக் கருப்பன்மேல் போட்டு அப்படியே அள்ளித் தூக்கினான். சுழியனின் இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது. கருப்பனின் மூக்கிலும் ஒரு கடி.

ஆண்கள் நான்கு. காயம் மூன்று. என் விரலையும் சேர்த்து.

மே 11, ஞாயிறு

நேற்று மதியமே பூபதிதான் பைக்கில் இரண்டு கூடைகளோடு கால்நடை மருத்துவமனைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனான். சின்ன வயது டாக்டரம்மா. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் எங்களை உட்கார வைத்துக் காதைத் தைத்தார். கருப்பனைத் தூக்கியவர் முகர்ந்து பார்த்தார்.

"சீயக்காய் வாசம் அடிக்குதே. குளிப்பாட்டினீங்களா?"

"சனிக்கிழமைங்க, அதான்" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "ஐயா, இதுங்களுக்கு மூக்குதான் கண்ணு. வாசம்தான் ஆளு. நீங்க குளிப்பாட்டுனதுல இதோட மொகத்தையே கழுவி உட்டுட்டீங்க. மத்த மூணும், எவனோ புது ஆளு உள்ள வந்துட்டான்னு நெனைச்சிருக்கும்."

இவ்வளவு காலம் கூடவே இருந்த எனக்கு இது தெரியாது. ஒருத்தனை ஒருத்தன் மூக்கால் எழுதி வைத்திருக்கிறார்கள், நான் ஒரு குவளைத் தண்ணீரில் அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான்கையும் பழைய கூண்டுகளில் தனித்தனியாக விட்டோம். பூபதி கொட்டகையில் அந்தப் பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"ஒரே வாசலுங்கப்பா. அதுல ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டா உள்ள இருக்கறவன் என்ன பண்ணுவான்? ஒதுங்கிப் போறதுக்கு எடம் இருந்தா அவன் கடிக்கவே மாட்டான்."

பானையைச் சொன்னான்.

மே 12, திங்கள்

நால்வரும் தனித்தனிக் கூண்டில். சண்டை இல்லை. சத்தமும் இல்லை. புல் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்த கூண்டுப் பக்கத்துக் கம்பியோடு முதுகை ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். கல்லூரியிலும் இப்படித்தான் படுத்திருப்பார்கள். குளிருக்கு என்று நினைத்தேன்.

மே 14, புதன்

பூபதிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போனில்தான் செய்தி வந்தது. இருபத்தைந்தாம் தேதி போகிறான். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். "பொங்கலுக்கு வர்றேம்மா" என்றான். பொங்கலுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

போவதற்குள் நான்கையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும் என்கிறான். போனில் வழிமுறையெல்லாம் படித்து வைத்திருக்கிறான். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.

பானைகளை நேற்றே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தோம். இன்று ஆக்சா பிளேடால் ஒவ்வொன்றின் அடியையும் வட்டமாக அறுத்தோம். நான் பிடித்துக்கொள்ள அவன் அறுத்தான். ஒன்று உடைந்துபோயிற்று. மற்ற மூன்றும் வந்துவிட்டன. இப்போது இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வெளியே வரலாம். பூபதி ஒரு பானையைத் தூக்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு அதன் வழியாக என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு இப்படிப் பார்ப்பான். நான் கையாட்டினேன்.

மே 17, சனி

இன்றைக்கு நான் பார்த்ததைச் சரியாக எழுதத் தெரிந்தால் போதும்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் சேர்க்க வேண்டுமாம். கொட்டகை ஆகாது. முன்னறையில் சாமான்களை ஒதுக்கி, சாக்கு விரித்து, நடுவில் புல்லைக் குவித்தோம். என் பழைய வேட்டி ஒன்றை எடுத்து நான்கு பேரையும் மாற்றி மாற்றித் துடைத்தோம், ஒருவன் வாசம் மற்றவன்மேல் ஏறும்படி. பிறகு ஒரே நேரத்தில் கீழே விட்டோம். கையில் துண்டோடு அந்தச் சுவரோரம் பூபதி, இந்தச் சுவரோரம் நான்.

காப்பியும் பாலும் நேராகப் புல்லுக்குப் போய்விட்டார்கள். கருப்பனும் சுழியனும் எதிரெதிரே நின்றார்கள். மூக்கோடு மூக்கு. கருப்பன் மெல்லத் தலையை உயர்த்தினான். சுழியனும் உயர்த்தினான். இவன் கொஞ்சம், அவன் கொஞ்சம். இரண்டு பேரும் கூரையைப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது. சுழியனின் தைத்த காது நடுங்கியது. கருப்பன் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து பல் அத்தனையையும் காட்டினான். நான் துண்டை எடுத்துவிட்டேன்.

"இருங்கப்பா" என்றான் பூபதி. "அவங்களே பாத்துக்குவாங்க."

இருந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். இருபது வருடம் மாதிரி இருந்தது.

பெரியவன்தான் முதலில் தலையைத் தாழ்த்தினான். கருப்பன். எடை கூடியவன், முதலில் தண்ணீர் குடிக்கிறவன். தலையைக் கீழே இறக்கி, அப்படியே திரும்பி, புல் பக்கம் போய்த் தின்ன ஆரம்பித்தான். சுழியன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு போய்க் கருப்பனுக்குப் பக்கத்தில் நின்று அதே புல் கத்தையின் மறுமுனையை இழுத்தான். இத்தனை வருடம் இவற்றின் இரத்தத்தை எடுத்து அணுக்களை எண்ணியிருக்கிறேன், இதயத்தை எடுத்துத் துடிப்பை எண்ணியிருக்கிறேன், இப்படி ஒன்று உள்ளே இருந்ததை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நடுவில் பால் திடீரென்று சோளப்பொரி மாதிரி எகிறிக் குதித்தான், ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை. பூபதி சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டும் எட்டு வருடம் ஆகிறது.

மதியம் கொட்டகையில் விட்டோம். மூன்று பானைகள் இருக்கின்றன. நால்வரும் ஒரே பானைக்குள் போய்த் திணித்துக்கொண்டு படுத்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு தலை, அந்தப் பக்கம் இரண்டு தலை.

"எப்ப வேணாலும் போயிக்கலாம்னு தெரிஞ்சா இருந்துக்குவாங்க" என்றான் பூபதி.

ஆண்கள் நான்கு. புதுக் காயம் இல்லை.

மே 18, ஞாயிறு

பாம்பு வரவில்லை.

பதிவேட்டில் பொய் எழுதியதற்காகக் கல்லூரியில் ஒரு பையனை ஒருமுறை நான் கண்டித்திருக்கிறேன். மே 2ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கக் கூடாது. திருத்தத்தைக் கீழே எழுதித் தேதி போட வேண்டும். அதுதான் முறை.

பின்கதவு வழியாக மாலை நேரங்களில் பூபதி வாய்க்கால் மேட்டுக்குப் போவான். அப்போது அவனுக்கு இருபத்தொன்று. வாய்க்கால் மேட்டுத் தெருவில் ஒரு பெண். எங்கள் ஆட்கள் இல்லை. அதற்குமேல் காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை, இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டுவந்து நானே அடைத்தேன். பூபதி சமையலறையில் நின்று கடைசிக் கல் வைக்கிற வரைக்கும் பார்த்தான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பாம்பு என்றேன். ருக்மணியும் பாம்பு என்றே சொன்னாள். அன்றிலிருந்து முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. பூபதி சென்னைக்குப் போனான்.

அவள் பெயர் செல்வராணி. இதுவரை நான் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் கடப்பாரையை எடுத்தேன். சமையலறைச் சுவரில் நாலு இடி இடித்தபோது பூபதி பல் துலக்குகிற பிரஷோடு ஓடி வந்தான்.

"ஏனுங்கப்பா, என்ன பண்றீங்க?"

"கொட்டகைக்குச் சுத்திச் சுத்திப் போக வேண்டியிருக்குது. கால் வலிக்குது."

சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பாம்பு வந்துருமுங்களே."

நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். தலை தானாகத் தொங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை.

"பாம்பு வரலப்பா. எப்பவுமே வரல."

"தெரியுங்கப்பா" என்றான்.

வெளியே காப்பியோ பாலோ யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். புல் போடுகிற நேரம். இரண்டு பேரும் நகரவில்லை.

"அந்தப் புள்ள... செல்வராணி... இப்ப எப்படி இருக்குது?"

பெயரைக் கேட்டதும் அவன் தாடை இறுகியது.

"திருப்பூர்ல இருக்குதுங்க. ரெண்டு கொழந்தைங்க. நல்லாத்தான் இருக்குதாம்."

"நான் பண்ணுனது தப்பு, கண்ணு."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

"வெரல்ல கட்டோட இத வெச்சு இடிச்சா அப்புறம் அதுக்கும் நாந்தான் டாக்டரம்மாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போகோணும். தள்ளுங்க."

பன்னிரண்டு மணிக்குள் வழி விழுந்துவிட்டது. கொட்டகையிலிருந்து காற்று நேராக முன்னறை வரைக்கும் வந்தது. இந்த வீட்டில் இப்படிக் காற்று வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மே 23, வெள்ளி

தச்சர் கதவு மாட்டிவிட்டுப் போனார். பூட்டு வேண்டாம், கொண்டி போதும் என்றேன். நாற்காலியை முன்வாசலிலிருந்து எடுத்துக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

மே 25, ஞாயிறு

பூபதி ஓசூருக்குப் போனான். முன்வாசல் வழியாகத்தான் போனான். பஸ் ஏறும்போது, "கருப்பனக் குளிப்பாட்டாதீங்க" என்று மட்டும் சொன்னான். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆண்கள் நான்கு. காயம் ஆறிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

நித்யாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். ருக்மணியிடம் கதவு வைத்ததைச் சொன்னேன். அவள் அழுதாளா, அங்கே குழந்தை அழுததா என்று போனில் தெரியவில்லை.

மாலை ஆறு மணி ஆனால் நால்வரும் பானையிலிருந்து வெளியே வந்து பின்கதவுப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். பூபதி தழை கொண்டுவருகிற நேரம் அது. அவன் காலடி கேட்டால் 'வீக், வீக்' என்று கொட்டகையே கிழிகிற மாதிரி கத்துவார்கள். நான் தழை கொண்டுபோனால் கத்துவதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்கிறார்கள். பத்து நாளாக ஆறு மணிக்கு வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நானும்தான்.

ஜூன் 14, சனி

காலை ஏழு மணிக்கு முன்னறையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் திடீரென்று 'வீக், வீக்' என்று கூச்சல். நால்வரும் சேர்ந்து. தழை நேரம் இல்லை, யாரும் வரவில்லை, முன்வாசலில் ஆள் நடமாட்டமே இல்லை. என்னவோ ஏதோ என்று எழுந்தேன்.

பின்கதவுக் கொண்டி ஆடியது. தோளில் பையோடு, வாய்க்கால் மேட்டுப் புழுதி காலெல்லாம் ஒட்டியிருக்க, பூபதி சமையலறையில் நின்றான்.

எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இருபது நாள் ஆகியும் அந்தக் காலடியைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் அவனைப் பார்ப்பதா, அவர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய், லீவு சொன்னாயா என்று மூன்று கேள்வியும் நாக்கு நுனி வரை வந்தன.

"காப்பி போடட்டுமா?" என்றேன்.

"போடுங்கப்பா. இவங்களுக்குத் தழை குடுத்துட்டு வந்தர்றேன்."

குடித்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தவன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தான்.

"சனிக்கெழமைதானுங்களே. நீங்க தேச்சுக்கலையா?"

"இனிமேல்தான்."

"ஒக்காருங்க."

படியில் அவனுக்குக் கீழே உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். உச்சந்தலையில் சூடான எண்ணெய் விழுந்தது. பிறகு அவன் கை. கொட்டகையில் கருப்பன் பானையின் இந்த வாசலில் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசலில் சுழியனின் கிழிந்த காது தெரிந்தது. அவர்களுக்கு எண்ணெய் இல்லை. எங்கள் இருவருக்கு மட்டும்.

இன்று பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

ஆண்கள் ஆறு. புதுக் காயம் இல்லை.